பத்தொன்பதாவது ஆள்

சஹனுக்கு ஆறு பேர்.
ஆம்பிளைகள் பதினெட்டு, மூன்று சஹன்.
பெண்களும் பிள்ளைகளும் இருபத்து நாலு, நாலு சஹன்.
மகளின் பழைய கணக்குக் கொப்பியின் பின்மட்டையில்
பென்சிலால் எழுதி அடிக்கோடு போட்டேன்.
மிச்சம் வராத வகுத்தல்.
அவளுடைய டீச்சர் பார்த்தால் சரி போட்டிருப்பார்.

சஹனுக்கு ஒரு கொத்து வீதம் ஏழு கொத்து கீரிச்சம்பா.
மாட்டிறைச்சி எட்டுக் கிலோ, எலும்போடு.
வட்டிலப்பத்துக்கு முட்டை நாற்பது.
முட்டை விற்கிற விலைக்கு முப்பத்தாறு.
நெய், கசு, பிளம்ஸ், ஏலம், ரம்பை.
வாசிக்கக் கேட்டிருந்த முனவ்வறா சொன்னாள்,
"அன்னாசிய விட்டுட்டியே."
ஒவ்வொரு வருஷமும் அன்னாசியை விட்டுவிடுகிறேன்.

ஆனால் பெருநாள் நாளைக்குத்தானா?
இன்றைக்கு நோன்பு இருபத்தொன்பது.
நிந்தவூரில் கடல் கிழக்கே.
பிறை தேடுகிறவனுக்குக் கடலால் பிரயோசனமில்லை.
பையன்கள் வட்டை ஓரம் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி
வயலுக்கு மேலே பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்,
அந்த நாலு ஏக்கர் கிடக்கிற திசையில்.

கோழிக்கடை ஜௌஸி மூன்றாம் தரமும் போன் எடுத்தார்.
"நாளைக்கா, நாளண்டைக்கா?"
"பிறையிட்டக் கேளுங்க" என்றேன்.

பாயில் நாலு கிலோ வெங்காயம்.
இப்போது உரித்து, பிறை தெரியாவிட்டால் நாறும்.
உரிக்காமல் விட்டு, தெரிந்துவிட்டால்
விடிய இரண்டு மணிக்கும் உரிப்போம்.
ஐந்து பெண்கள், ஐந்து கத்தி,
எல்லார் கண்ணும் ரேடியோவில்.

யார் யாரோடு என்பது அரிசியைவிடக் கஷ்டம்.
கபூர் மாமாவுக்குச் சீனி வருத்தம்,
வட்டிலப்பம் கைக்கெட்டாத மூலை வேண்டும்.
கொழும்பு மருமகன் கரண்டி கேட்பார்,
கேட்டால் சிரிக்காத ஐந்து பேரைத் தேட வேண்டும்.
அன்சார் சாச்சா நடு இறைச்சியைத் தன் பக்கம் இழுப்பவர்.
அவரோடு கூச்சக்காரர்களை உட்காரவைத்தால் பாவம்.

மறுகா,
றஸீன் காக்கா.

வயல் வழக்குத் தொடங்கி மூன்று வருஷம்.
அவரும் லாபிர் மச்சானும்
ஒரே பள்ளிக்கு வேறு வேறு வாசலால் போகிறார்கள்.
அவர் பெண்டாட்டியும் பிள்ளைகளும் என் கணக்கில் இருக்கிறார்கள்.
அவர் இல்லை.
வந்தால் பத்தொன்பது.
தனியாளுக்குச் சஹன் வைத்ததை நான் எங்கும் கண்டதில்லை.
ஏழு பேர் சுற்றி இருந்தால்
முழங்காலோடு முழங்கால் முட்டும்.
சஹனில் ஆளுக்கொரு கரை, நடுவில் இறைச்சி.
எட்டாதவருக்கு எட்டுகிறவர்தான் தள்ளிவிட வேண்டும்.
பேச வேண்டுமென்றில்லை.
தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான்.

லாபிர் மச்சானின் பெயர் எழுதிய வட்டத்தில்
பென்சில் நுனியை வைத்தேன்.
எழுதாமல் எடுத்தேன்.

எட்டு மணி தாண்டிப் பள்ளி ஸ்பீக்கர் கரகரத்தது.
தெருவில் ஒரு கூச்சல், அதன் மேலே தக்பீர்.
ஐந்து கத்தியும் ஒன்றாய் இறங்கின.
முதலில் அழுதவள் முனவ்வறா. வெங்காயத்துக்குத்தான்.
ஜௌஸி போன் எடுத்து, "கேட்டாச்சு" என்று
நான் வாய் திறக்குமுன் வைத்துவிட்டார்.

பத்து மணிபோல மதீனா மச்சியின் வொய்ஸ் மெசேஜ்.
பின்னால் டிவி சத்தம், யாரோ இருமுகிறார்கள்.
"மச்சி, இவர் கேக்கச் சொன்னார்.
இல்ல, கேக்கச் சொல்லல்ல, சும்மாதான் கேட்டார்.
கத்தரிக்காய் பொரிச்சு ஆக்குவீங்களாமா?"

கத்தரிக்காய் பட்டியலில் இல்லை.
வீட்டிலும் இல்லை.
மெசேஜை இன்னொரு தரம் கேட்டேன்,
அந்த இருமல் வரைக்கும்.

சின்னவனை எழுப்பிச் சைக்கிளைக் கொடுத்தேன்.
"ஒரு கிலோ. இல்ல, ரெண்டு.
காம்பு பச்சையா இருக்கான்னு பாத்து எடு."
"இந்நேரம் ஆருக்கும்மா?"
"ஓடு மனே, கடையில சனம் கூடிடும்."